"டொயிலி எண்டா என்ன கருத்து, சேர்?"

 

இது நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கிற நேரத்தில் வாசியுங்கள். வகுப்பறையில் நாங்கள் விட்ட ஒரு பிழையில் தொடங்கி, பிரான்ஸ் வரைக்கும் போய், திரும்பவும் பாலையூற்றுக்கே வந்து சேர்ந்த கதை இது. சம்பந்தப்பட்ட வீட்டாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். பிள்ளையின் பெயர் வேண்டாம் என்று நாங்களே விட்டுவிட்டோம்.

சென்ற மாதம் ஒருநாள், வரலாற்றுப் பாடம். கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சி. 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம், ஆளுநர் ரொபர்ட் பிரவுன்ரிக் என்று பலகையில் எழுதி, அதற்குக் கீழே ஜோன் டொயிலி என்று எழுதினோம். முன் வாங்கில் இருந்த பிள்ளை கையை உயர்த்தினா.

"சேர், டொயிலி எண்டா என்ன கருத்து?"

இத்தனை வருடமாக அந்தப் பெயரைப் பலகையில் எழுதி வருகிறோம். ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை. "அது வெள்ளைக்காரப் பெயர் புள்ள, கருத்து ஒண்டும் இருக்காது" என்று சமாளித்தோம்.

அப்போது பின் வாங்கில் இருந்து ஒரு குரல் வந்தது. "சேர், அது இவன்ட மூத்தப்பாவா இருக்கும்!"

கை காட்டிய பக்கம் இருந்தவன் எங்கள் வகுப்பில் உள்ள ஒரே பறங்கியர் வீட்டுப் பொடியன். அவனுடைய குடும்பப் பெயருக்கு முன்னாலும் ஒரு 'டி' இருக்கிறது. வகுப்பு சிரித்தது. இன்னொருவன், "அப்ப நீ ஒங்கட ஊருக்குப் போடா" என்றான். இன்னும் சிரிப்பு.

நாங்களும் சிரித்தோம். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "இருக்கும், இருக்கும்" என்று ஒரு வார்த்தையையும் போட்டோம். பகிடிக்குத்தான். பொடியன் தலையைக் குனிந்துகொண்டு கொப்பியின் ஓரத்தில் ஏதோ கீறிக்கொண்டிருந்தான். மணி அடித்தது, நாங்கள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டோம்.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து கொஞ்ச நேரத்தில், "சேர் இருக்கிறாரா?" என்று வாசலில் ஒரு சத்தம். அந்தப் பொடியனின் அப்பம்மா. எங்கள் வீதியில் இரண்டு வளவு தள்ளி இருப்பவர். நாங்கள் காற்சட்டை போட்ட காலத்தில் இருந்து அவரை 'அன்ட்டி' என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் எங்களை 'மகன்' என்பார். அன்றைக்கு 'சேர்' என்றார். அதிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது.

கதிரையில் இருக்கச் சொன்னோம். இருந்தார். சண்டை பிடிக்கவில்லை.

"பொடியன் பெயர மாத்தித் தரட்டாம். பள்ளிக்கூடத்துல சொல்லி அந்த 'டி'ய வெட்டி விடட்டாம். சேரிட்ட கேட்டா ஏலுமா எண்டு கேக்கிறான்."

நாங்கள் வாய் திறக்கவில்லை.

"அவன்ட அப்பா மரவேல செய்றவர். அவர்ர அப்பா ஹாபர்ல வேல செஞ்சவர். நாங்க எல்லாரும் இந்தத் தண்ணியக் குடிச்சு வளந்த ஆக்கள். எங்கட ஊருக்குப் போ எண்டா, நாங்க எந்த ஊருக்குப் போற, சேர்?"

உள்ளே இருந்து உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்தா. கோப்பைக்குக் கீழே வட்டமான ஒரு ரேந்தைத் துணி. அதைப் பின்னியதே அன்ட்டிதான். எங்கள் தங்கச்சியின் கலியாணத்துக்கு ஆறு துணி பின்னிக் கொடுத்தார். இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் பின்னிய துணியின் மேலே வைத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர் போனார். எங்களுக்கு இரவு நித்திரை வரவில்லை.

அன்று இரவுதான் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியைத் தேடத் தொடங்கினோம். டொயிலி என்றால் என்ன கருத்து?

முதலில் அகப்பட்டதே எங்களைத் திகைக்க வைத்தது. கோப்பைக்குக் கீழே போடுகிற அந்த ரேந்தைத் துணிக்கு ஆங்கிலத்தில் பெயர் டொயிலி. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் டொயிலி என்ற பெயரில் ஒரு துணிக்கடைக்காரர் இருந்தார். அவர் விற்ற மலிவான, மெல்லிய துணிக்கு அவர் பெயரே பெயராகி, பிறகு சாப்பாட்டு மேசையில் போடுகிற சின்னத் துணிக்கும் ஒட்டிக்கொண்டது என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. கண்டியில் ஒப்பந்தம் எழுதியவரின் பெயரும் எங்கள் மேசையில் கிடக்கிற துணியின் பெயரும் ஒன்று.

அப்படியானால் அந்தப் பெயர் எங்கே இருந்து வந்தது? அதைப் பிடித்துக்கொண்டு போனால் வட பிரான்சில் நோர்மண்டி வருகிறது. அங்கே கல்வடோஸ் பகுதியில் ஊயி என்ற பெயரோடு இன்றைக்கும் பல ஊர்கள் உண்டு. இந்த மூலையில் ஒரு ஊயி, அந்த மூலையில் ஒரு ஊயி என்று பின்னால் வேறு வேறு அடைமொழி சேர்த்து அழைக்கிறார்கள். பிரெஞ்சில் 'டி' என்றால் 'இருந்து', 'உடைய' என்று கருத்து. டி ஊயி என்றால் ஊயியில் இருந்து வந்தவன். இரண்டும் ஒட்டி, ஆங்கிலேயர் வாயில் உருண்டு, எழுத்திலே ஒரு லகரமும் சேர்ந்து டொயிலி ஆகிவிட்டது. அவ்வளவுதான். மூதூரான், கிண்ணியாக்காரன் என்று நாங்கள் சொல்வது மாதிரி ஒரு பெயர்.

இன்னும் தோண்டினால், அந்த ஊர்ப் பெயருக்குப் பின்னாலும் ஆள் இருக்கிறார். பிரான்சில் 'ஈ' என்று முடிகிற ஊர்ப் பெயர்களில் பல, உரோமர் காலத்தில் 'இன்னாருடைய காணி' என்று வைத்த பெயர்கள் தேய்ந்து வந்தவை. ஆளின் பெயர் காணிக்கு வந்து, காணியின் பெயர் ஊருக்கு வந்து, ஊரின் பெயர் திரும்ப ஆளுக்கு வந்திருக்கிறது.

1066இல் நோர்மண்டியின் பிரபு வில்லியம் படையோடு கடலைக் கடந்து இங்கிலாந்தைப் பிடித்தார். அந்தப் படையெடுப்போடு வந்தவர்களில் ரொபர்ட் டொயிலி ஒருவர். 1071இல் ஒக்ஸ்போர்ட் கோட்டையைக் கட்டியவர் இவர். அந்த இடம் பிற்காலத்தில் சிறைச்சாலையாகி, 1996 வரைக்கும் கைதிகள் இருந்து, இப்போது அதில் ஒரு பகுதி ஹோட்டல்.

ரொபர்ட் காணி சேர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். வாலிங்போர்ட் பிரபு விகொட் என்ற ஆங்கிலேயரின் மகளை மணமுடித்தார். பிடித்தது பாதி, பெண் வழியில் வந்தது பாதி என்று அந்தப் பகுதியில் பெரிய காணிக்காரர் ஆனார். 1086இல் வில்லியம் இங்கிலாந்தில் யாரிடம் எவ்வளவு காணி, எத்தனை ஏர், எத்தனை ஆலை இருக்கிறது என்று கணக்கெடுத்து ஒரு பேரேடு எழுதுவித்தார். டூம்ஸ்டே ஏடு என்பது அதுதான். அதிலே ரொபர்ட்டின் பெயர் ஊரோடு சேர்த்துப் பதியப்பட்டிருக்கிறது. ஊயியில் இருந்து வந்த ரொபர்ட்டை இன்று வரைக்கும் உலகம் அறிவதற்குக் காரணம் அப்படிப்பட்ட ஏடுகள். நமது மூத்த வாப்பாமாரை எந்த ஏட்டில் தேடுவது?

அபிங்டன் மடத்துத் துறவிகள் எழுதி வைத்த கதை ஒன்றும் உண்டு. ரொபர்ட் மடத்துக்குச் சொந்தமான ஒரு புல்வெளியைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு நோயில் விழுந்தார். நோயில் கிடக்கும்போது பயங்கரமான கனவு கண்டு, எழும்பி, பிடித்ததைத் திருப்பிக் கொடுத்து, பணமும் கட்டினார். இடிந்து கிடந்த தேவாலயங்களைத் திருத்தினார். அவர் ஒக்ஸ்போர்ட்டில் கட்டிய கற்பாலமும் உண்டு. துறவிகள் தங்கள் மடத்தின் பக்கமாகத்தான் எழுதியிருப்பார்கள். என்றாலும், பிடித்த காணியைத் திருப்பிக் கொடுத்த கதை எங்கள் மாவட்டத்தில் இருப்பவர்களுக்குக் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நோர்மன் பிரபுக்களின் பெயர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று 'டி' வகை. ஊரும் காணியும் சொல்லுகிற பெயர். மற்றது 'பிட்ஸ்' வகை. பிட்ஸ் என்றால் 'மகன்'. பிட்ஸ்ஜெரால்ட் என்றால் ஜெரால்டின் மகன். அரபியில் நாம் 'பின்', 'இப்னு' என்பது இதுதான். நாங்கள் இடாப்பில் பெயருக்கு முன்னால் எழுதுகிற முதலெழுத்தும் இதுதான். வாப்பாவின் பெயரைச் சுருக்கி ஓர் எழுத்தாக முன்னால் வைக்கிறோம். ஒரு வித்தியாசம், பிட்ஸ்ஜெரால்ட் என்பது ஓரிரு தலைமுறையோடு உறைந்துபோய், ஜெரால்டைக் காணாத கொள்ளுப் பேரனுக்கும் அதே பெயர் ஆகிவிட்டது. எங்கள் எழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எங்களுடைய எழுத்து எங்கள் பிள்ளைக்கு இல்லை.

காணி கைமாறாமல் இருக்கத்தான் பிரபுக்களுக்கு மாறாத பெயர் தேவைப்பட்டது. காணி இல்லாத குடியானவனுக்கு இங்கிலாந்திலும் நெடுங்காலம் குடும்பப் பெயர் இருக்கவில்லை. அவர்களில் பெரும்பாலானோருக்கு அது உறைந்தது 1400 அளவில்தான். கொல்லன், தையற்காரன், ஆலைக்காரன் என்று தொழிலே பெயராயிற்று.

அந்த டொயிலி என்ற பெயரோடு 1774இல் இங்கிலாந்தில் ஒரு மதகுருவின் வீட்டில் பிறந்தவர்தான் நமது பாடப் புத்தகத்து ஜோன் டொயிலி. 1801இல் இலங்கைக்கு வந்தார். மாத்தறையில் கரதொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் படித்தார். 1805இல் அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர். கண்டிக்குள் என்ன நடக்கிறது என்று துறவிகளிடமும் ஊர் ஊராகப் போகும் வியாபாரிகளிடமும் கேட்டு ஒவ்வொரு நாளும் குறித்து வைத்தார். அந்த நாட்குறிப்பு 1917இல் புத்தகமாகவே வந்தது. 1815இல் ஒப்பந்தத்தை எழுதினார். கண்டியில் பிரித்தானிய வதிவிடப் பிரதிநிதியாக இருந்தார். 1821இல் பரோனெட் பட்டம் கிடைத்தது. கலியாணம் முடிக்கவில்லை. 1824இல் கண்டியிலேயே காய்ச்சலில் மௌத்தானார். பிள்ளை இல்லாததால் பட்டமும் அவரோடு முடிந்தது. கண்டி கரிசன் மையவாடியில் கபுறு இருக்கிறது.

1066இல் ஒரு டொயிலி படையோடு ஒரு நாட்டுக்குள் வந்தார். 749 வருடம் கழித்து இன்னொரு டொயிலி பேனையோடு ஒரு இராச்சியத்தை எழுதி எடுத்தார். இந்தப் பெயரை நாங்கள் வகுப்பில் எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறோம்! 'சேர் ஜோன் டொயிலி' என்று. அதிலேயும் ஒரு 'டி' இருக்கிறது. வெளியூரில் இருந்து வந்தவன் என்றுதான் அதற்கும் கருத்து. அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. மரவேலை செய்கிறவரின் மகனுடைய 'டி'யைக் கேட்டுத்தான் சிரித்தோம்.

அவனுடைய 'டி' போர்த்துக்கேயத்தில் இருந்து வந்தது. கருத்து ஒன்றேதான். இலங்கையில் எல்லாருக்கும் தெரிந்த போர்த்துக்கேயப் பெயர்களை எடுத்துப் பாருங்கள். சில்வா என்றால் காடு. கோஸ்தா என்றால் கடற்கரை. பெரேரா என்றால் பேரிக்காய் மரம். பொன்சேகா என்றால் வற்றிய ஊற்று. இதைக் கண்டதும் எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பாலை மரமும் ஊற்றும் சேர்ந்த பெயருள்ள ஊரில் இருந்துகொண்டு, மரத்தையும் ஊற்றையும் பெயராகக் கொண்ட மக்களைப் பார்த்து வெளியூரான் என்கிறோம்.

இந்தப் பெயர் இருப்பவர்கள் எல்லாரும் போர்த்துக்கேய இரத்தம் என்றும் இல்லை. ஞானஸ்நானத்தோடு பெயர் எடுத்த சிங்களவரும் தமிழரும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய தளபதியின் பெயரிலும் 'டி' உண்டுதான். கொன்ஸ்தந்தீனு டி சா. இந்துச் சகோதரங்களுக்கு அது இன்னும் ஆறாத காயம். அதை மறைத்து வரலாறு படிப்பிக்க முடியாது. ஆனால் 400 வருடத்துக்கு முந்திய தளபதியின் கணக்கை, அப்பாவுக்குச் சீவுளி எடுத்துக் கொடுக்கிற பொடியனின் கொப்பியில் எழுதவும் முடியாது. அந்தப் போர்த்துக்கேயரே இங்கே நெடுங்காலம் இருக்கவில்லை. 1639இல் ஒல்லாந்தர் வந்து கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். ஆட்சி போய்விட்டது. பாலையூற்றில் சில வீடுகளிலும் மட்டக்களப்பிலும் பாஷையும் பாட்டும் கபிரிஞ்ஞா ஆட்டமும் மிஞ்சின.

ஆட்சி போனாலும் சொல் போகவில்லை. அன்ட்டி இருந்த 'கதிரை' போர்த்துக்கேயச் சொல். நாங்கள் தேத்தண்ணி வைத்த 'மேசை' போர்த்துக்கேயம். வகுப்பில் பிள்ளைகள் இருக்கிற 'வாங்கு', காலில் போடுகிற 'சப்பாத்து', காலையில் தின்கிற 'பாண்', உம்மா பூட்டி வைக்கிற 'அலுமாரி', அதன் 'சாவி', அன்ட்டி பின்னுகிற 'ரேந்தை' எல்லாம் போர்த்துக்கேயம். அந்தப் பொடியனை ஊருக்குப் போ என்றால், வகுப்பில் இருப்பதற்கு வாங்குகூட மிஞ்சாது.

நாங்கள் எதிர்பாராத ஒன்றும் வந்து முன்னால் நின்றது. எங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இனம் என்ற இடத்தில் இலங்கைச் சோனகர் என்று இருக்கும். ஆங்கிலத்தில் அதை 'மூர்' என்பார்கள். அந்தப் பெயரை எங்களுக்கு வைத்தது யார்? போர்த்துக்கேயர். வட ஆபிரிக்காவில் உரோமர் மவுரித்தானியா என்று சொன்ன நிலத்து ஆட்களை அவர்கள் மூர் என்றார்கள். 1505க்குப் பிறகு இங்கே வந்து, தொழுகிற ஆட்களைக் கண்டதும் அதே பெயரை எங்களுக்கும் ஒட்டிவிட்டார்கள். எங்களில் யாரும் மவுரித்தானியாவைக் கண்டதில்லை.

அவர்களுக்கு நாம் வைத்த பெயர் என்ன? பறங்கி. அதுவும் நமது பக்கத்தில் இருந்து போனதுதான். சிலுவை யுத்த காலத்தில் பிரான்ஸ் பக்கத்தில் இருந்து வந்த படைகளை அரபிகள் 'பிரஞ்சி' என்றார்கள். பிராங்கு என்ற இனப் பெயரின் அரபு வடிவம் அது. 1096இல் புறப்பட்ட அந்த முதலாவது படையெடுப்பில் நோர்மண்டியின் பிரபுவும் போயிருந்தார், வில்லியத்தின் மகன். அந்தச் சொல் பாரசீகத்தில் பரங்கி என்றாகி, கடல் வியாபாரத்தோடு நமது கரைக்கு வந்து பறங்கி ஆயிற்று. ஊயியில் இருந்து வந்த பிரபுவும் அரபி வாயில் ஒரு பறங்கிதான். ஆக, அவர்களுக்கு நமது ஆட்கள் வேறொரு நாட்டின் பெயரை வைத்தார்கள். நமக்கு அவர்கள் வேறொரு நாட்டின் பெயரை வைத்தார்கள். இரண்டு பெயரும் பிழை. இரண்டும் இன்னும் அரசாங்கப் பதிவில் இருக்கின்றன.

"ஒங்கட ஊருக்குப் போ" என்ற வார்த்தையை நாங்கள் கேட்டதில்லையா, உறவுகளே? கேட்டிருக்கிறோம். அரபு நாட்டுக்குப் போ என்று எங்களைப் பார்த்துச் சொன்னபோது எவ்வளவு நொந்தோம்! அதே வார்த்தையை எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சொல்லும்போது நாங்கள் சிரித்திருக்கிறோம்.

மறுநாள் உம்மாவிடம் கேட்டோம், "உம்மா, நம்மட மூத்த ஆக்கள்ற பெயர் எது வரைக்கும் தெரியும்?" வாப்பா, வாப்பாவின் வாப்பா, அவருடைய வாப்பா. அதற்கு மேல் உம்மாவுக்கும் தெரியவில்லை. பிறகு, "ஆனா எங்கட குடி தெரியும்" என்றா. உம்மாவின் ஊர் அக்கரைப்பற்றுப் பக்கம். அங்கே தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்த காலம் உண்டு. வீடும் பெண் பிள்ளைக்குத்தான் போகும். ரொபர்ட் டொயிலிக்குக் காணி பெண் வழியில் வந்தது, பெயர் மட்டும் ஆண் வழியில் போனது. எங்கள் கரையில் பெயரும் வீடும் இரண்டுமே பெண் வழியில் வந்திருக்கின்றன. ஒரு படிவத்திலும் அதை எழுத இடமில்லை. எங்கள் குடியின் பெயரை உம்மாவிடம் கேட்டு, முதல் தடவையாக ஒரு கடுதாசியில் எழுதி வைத்தோம். தலை நரைக்கிற வயதில்!

படிவம் என்றதும் ஞாபகம் வருகிறது. வெளிநாட்டு விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போது 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் வரும். எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஐந்து விதமாக நிரப்பினோம். ஐந்து பேரும் ஒரே குடும்பமா என்று கேட்டுக் கடிதம் வந்தது. நோர்மன் பிரபுக்கள் காணிக்காகச் செய்த ஏற்பாடு இன்றைக்கு உலகம் முழுவதற்கும் ஒரு கட்டமாகிவிட்டது. கட்டத்துக்குள் அடங்காதவன் பக்கம்தான் சந்தேகம்.

அடுத்த வரலாற்றுப் பாடத்தில் பாடத்தைத் தொடங்கவில்லை. எல்லாரையும் எழும்பாமல் இருக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் எழும்பி நின்றோம். "போன கிழமை இந்த வகுப்பில ஒரு பெயரைக் கேட்டு எல்லாரும் சிரிச்சம். நானும் சிரிச்சன். ஆசிரியர் சிரிக்கக் கூடாது. பிழை என்னில. மன்னிச்சிக்கொள்ளுங்க மகன்" என்று அந்தப் பொடியனைப் பார்த்துச் சொன்னோம். வகுப்பில் ஈ ஆடவில்லை. ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதை அவர்கள் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால் நாங்களும் கேட்டதில்லை.

பிறகு டொயிலியின் கதையைச் சொன்னோம். கேள்வி கேட்ட பிள்ளைக்கு அந்தக் கடன் இருந்தது. கடைசியில் வீட்டு வேலை ஒன்று கொடுத்தோம். வீட்டில் மூத்த ஆட்களிடம் கேட்டு, உங்கள் பெயர் எங்கே இருந்து வந்தது என்று ஒரு பக்கம் எழுதி வாருங்கள்.

வந்த கொப்பிகளை வாசிக்க ஒரு இரவு போனது. ஒரு பிள்ளை, கடலில் மௌத்தான மூத்த வாப்பாவின் பெயரைத் தனக்கு வைத்ததாக எழுதியிருந்தா. ஒரு பொடியன், தன் பெயரை முருகன் கோயில் ஐயர் எழுத்துப் பார்த்துச் சொன்னதாக எழுதியிருந்தான். இன்னொருவன், ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் என்பதும் நாங்கள் உவர்மலை என்பதும் ஒரே மலை என்றும், ஒரு வெள்ளைக்காரரின் பெயர் தமிழுக்குள் வந்து கரைந்து போயிற்று என்றும் எழுதியிருந்தான். அதை நாங்கள் படிப்பிக்கவில்லை.

பறங்கியர் வீட்டுப் பொடியன் கொப்பியைத் தரவில்லை. "நான் வாசிக்கட்டா சேர்?" என்று கேட்டான். முன்னால் வந்து நின்று வாசித்தான்.

"எங்கட பெயர்ல 'இருந்து' எண்டு இருக்கு. எங்க இருந்து எண்டு அப்பம்மாட்ட கேட்டன். அவவுக்கும் தெரியா. அவட அம்மாக்கும் தெரியா எண்டா. நான் என்ன எழுதுற எண்டு கேட்டன். நீ பொறந்த எடத்த எழுது எண்டா. அதால நான் எழுதியிருக்கிறன்: டி பாலையூற்று."

வகுப்பு சிரித்தது. இந்த முறை அவன்தான் முதலில் சிரித்தான். பின் வாங்கில் இருந்து, அன்றைக்கு மூத்தப்பா என்று பகிடி பண்ணினவன், "அப்ப நான் டி ஜமாலியா!" என்று கத்தினான். அதற்குப் பிறகு வகுப்பை அடக்க முடியவில்லை. டி உவர்மலை, டி சீனக்குடா, டி மூதூர் என்று ஆளுக்கொன்று. கேள்வி கேட்ட பிள்ளை, "சேர் நீங்க?" என்றா. நாங்களும் பாலையூற்றுத்தானே என்றோம். "அப்ப நீங்களும் அவனும் ஒரே குடும்பம்!" என்றா.

அன்று பின்னேரம் அன்ட்டி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மகன், பெயர் மாத்துற கத இப்ப இல்ல" என்றார். 'சேர்' போய் 'மகன்' திரும்பி வந்ததே எங்களுக்குப் போதும்.

உறவுகளே, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் உம்மும்மாவோ, மூத்த வாப்பாவோ, அம்மம்மாவோ, அப்பம்மாவோ இருந்தால் இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கேளுங்கள். பெயர்கள், குடி, வந்த ஊர், செய்த தொழில், யார் பெயரை யாருக்கு வைத்தது. கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நம்மை யாரும் எந்தப் பேரேட்டிலும் எழுதி வைக்கவில்லை. ஆசிரியர்மாருக்கும் ஒன்று: இடாப்புக் கூப்பிடும்போது வாய்க்கு வராத பெயர் வந்தால், அந்தப் பிள்ளையிடமே எப்படிச் சொல்வது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்யத் தொடங்கியிருக்கிறோம்.